பிள்ளைத்தாச்சிக்கு எவ்வளவு சோறு

அடி அண்ணாமலை
5-9-1993

சம்பந்தியம்மா ஜோதியம்மாள் அவர்களுக்கு, பரசுராமன் எழுதுவது.

ஆமாம், நானேதான். வேறு யாரையும் உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை. அறிவொளி வகுப்பில் சேர்ந்தேன், எழுத்து வந்துவிட்டது. இந்த வயசில் வந்துவிட்டது! முதலில் என் பெயரை எழுதினேன். பிறகு என் வீட்டுக்காரி கன்னியம்மாள் பெயரை எழுதி அவளிடம் காட்டினேன். "இதுவா நானு? இவ்ளோ கோணலாவா இருக்கேன்?" என்று கேட்டாள். மூன்றாவதாக எழுதுவது உங்களுக்கு. காலையில் உட்கார்ந்தேன், மாடு கட்டும் நேரம் ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

வளைகாப்பன்று நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். மருமகள் தென்றல் புளிச்சோற்றில் ரெண்டு வாய் எடுத்ததும் நீங்கள் "போதும், எழுந்திரு" என்று அவள் இலையை மடக்கினீர்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மளிகைக் கடைக்காரம்மா வீட்டுல அரிசிக்குப் பஞ்சமா?" என்று கேட்டுவிட்டேன். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. "குழந்தை பொறக்கற வரைக்கும் உங்க வீட்டு ஆளுங்க என் வாசப்படி மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு மகளோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டீர்கள். நாங்கள்தானே வரக்கூடாது, கடிதம் வரலாம் அல்லவா?

மருமகள் வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறாள்? இதை மட்டும் எழுதுங்கள். அன்றைக்குப் போட்ட வளையல்கள் கையில் நிற்காமல் முழங்கை வரை ஓடின. என் மகன் அன்பரசன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போதெல்லாம் வேங்கிக்கால் ஆபீஸிலிருந்து வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொள்கிறான். பெண்டாட்டி ஊருக்குப் போன ஏக்கம் என்று கன்னியம்மாள் கேலி பேசுகிறாள்.

வேர்க்கடலை பிடுங்கி ஆயிற்று. வெல்லம் போட்டு உருண்டை பிடித்து அனுப்பட்டுமா?

பரசுராமன் (கையெழுத்து. கைநாட்டு இல்லை.)

*

கீழ்பென்னாத்தூர்
12-9-1993

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் கோழிமுட்டை அளவு. நான் எட்டாவது வரை படித்தவள், எனக்கே கடையை விட்டுவிட்டு உட்கார்ந்து படிக்க வேண்டியதாகிவிட்டது. எழுத்து வந்ததில் சந்தோஷம். வந்த எழுத்தில் முதலில் ஒரு மன்னிப்பை எழுதியிருக்கலாம்.

என் கடையில் அரிசிக்குப் பஞ்சம் இல்லை. காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி மோர். தென்றலுக்கு அவ்வளவுதான் கொடுக்கிறேன். கேட்டீர்கள் என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

கல்யாணம் பேச வந்தபோது, மூத்தவள் பொன்னி பிரசவத்தில் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னேன். எப்படிப் போனாள் என்று நீங்களும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். அவள் மாசமாக இருந்தபோது என் வீட்டுக்காரர் சக்கரவர்த்தி உயிரோடு இருந்தார். மகள் என்றால் அவருக்கு உயிர். நெய்யும் முட்டையும் ஆட்டுக்காலும் வாங்கி வாங்கிப் போட்டார். நானும் ஆக்கிப் போட்டேன். அவளும் ஆசையாகச் சாப்பிட்டாள். பிள்ளை பெரிதாகிவிட்டது. முதல் நாள் வலி எடுத்தது, மறுநாளும் பிறக்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்த பிறகுதான் வேன் பிடித்தோம். திருவண்ணாமலை ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கேயே போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றோடு போய்விட்டது.

வேனில் அவளுக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, ஜாஸ்தி துன்னுட்டேனாம்மா?" என்று கேட்டாள். அவள் பேசின கடைசிப் பேச்சு அது.

இப்போது சொல்லுங்கள், தென்றலுக்கு எவ்வளவு போடுவது? குழந்தை சின்னதாக இருந்தால் சுலபமாகப் பிறக்கும். பிறந்த பிறகு ஊட்டி வளர்த்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான் பெற்றார்கள். உங்கள் வீட்டில் கன்னியம்மாள் அண்ணியும் அன்றைக்கு என் பக்கம்தான் பேசினார், ஞாபகம் இருக்கட்டும்.

உருண்டை வேண்டாம்.

ஜோதியம்மாள்

*

அடி அண்ணாமலை
3-10-1993

தங்கச்சி ஜோதியம்மாளுக்கு,

பொன்னியைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கெட்ட சேதி ஒரேயடியாக வராது, ஒவ்வொரு எழுத்தாக வரும். வேன், கேட், அங்கேயே என்று வந்தது. அதற்கு மேல் படிக்காமல் வைத்துவிட்டு, வெளியே போய் வந்துதான் முடித்தேன். அன்று பந்தியில் பேசியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதுவதைத் தென்றலுக்குத் தெரியாமல் படியுங்கள்.

அன்பரசன் போன வாரம் ஆபீஸில் நாற்காலியிலிருந்து சாய்ந்துவிட்டான். வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வேனில் வேலூருக்குக் கொண்டுபோனோம். அவன் தலை என் மடியில் இருந்தது. வழியில் ஒரு கைகாட்டிப் பலகையில் 'வேலூர்' என்று இருந்தது. நானே படித்துவிட்டேன். உள்ளே ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. உடனே மடியைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, தங்கச்சி.

ரத்த அழுத்தமாம். ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. தலையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. முப்பத்தொரு வயதில் இப்படி வருமா என்று கேட்டேன். டாக்டர் அம்மா எங்களைத்தான் திருப்பிக் கேட்டார்.

"பீடி, சாராயம் ஏதாவது உண்டா?"

"வாசனையே ஆகாதுங்க."

"பொறந்தப்போ எப்படி இருந்தாரு?"

கன்னியம்மாள் சொன்னாள்: "எலிக்குஞ்சு மாதிரி இருந்தாம்மா. கம்மியா துன்னா கொழந்தை சின்னதா இருக்கும், சுளுவா பொறக்கும்னு எங்கம்மா ஒரு வேளை கூழுதான் ஊத்துனாங்க. சுளுவாத்தான் பொறந்தான்."

டாக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரைக்கும் இதுதான். ரத்தக்குழாய் எல்லாம் தாய் வயிற்றில்தான் கட்டப்படுகிறது. தாய்க்குச் சாப்பாடு பத்தாவிட்டால், வருகிற கொஞ்சத்தையும் பிள்ளையின் உடம்பு மூளைக்கு ஒதுக்கிவிடும். மிச்சத்தை வைத்துத்தான் குழாயைக் கட்டும். அது விரிந்து கொடுக்காத குழாயாக அமைந்துவிடலாம். சின்ன வயசில் வெளியே தெரியாது, வயசு ஏற ஏற அழுத்தம் ஏறும். பிறந்த பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அந்தக் குழாயை மறுபடி கட்ட முடியாது. இதையெல்லாம் இப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்களாம். "இவருக்கு இதுதான் காரணம்னு என்னால உறுதியா சொல்ல முடியாதுங்க. இருக்கலாம்" என்றார்.

இருக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லோடு கன்னியம்மாள் வீட்டுக்கு வந்தாள். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "உங்கம்மா ஊத்துனாங்க, நீ குடிச்ச. ஒனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

பொன்னியைப் பற்றியும் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். பிள்ளை பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்துவிடலாம், ரெண்டு உயிரும் பிழைக்கும், அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது என்றார். கடைசி மாதங்களில் போடும் சோறுகூட உதவுமாம். தென்றலுக்கு ஒரு முட்டை, ஒரு பிடி கீரை, கூட ரெண்டு கரண்டி சோறு போடுங்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கே போகலாம். வேன் நான் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. அன்பரசன் வாராவாரம் தென்றலுக்கு எழுதுவான். இந்த வாரம் கடிதம் வராவிட்டால் அவள் பயந்துவிடுவாள். அதனால் அவன் எழுதுவது போல நானே ஒன்று எழுதி அவள் பெயருக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். எனக்கு எழுத்து வந்தது இதற்காவது உதவட்டும்.

பரசுராமன்

*

கீழ்பென்னாத்தூர்
10-10-1993

சம்பந்தி,

எழுத்து வந்துவிட்டது என்று என்ன வேலை செய்து வைத்தீர்கள்? அந்தக் கடிதம் என் கையில் கிடைத்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன். தபால்காரர் நேராக அவளிடம் கொடுத்துவிட்டார். உறையைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா, இது மாமா எழுத்து."

"மாப்பிள்ளை எழுத்துதான்டி. அவசரத்துல எழுதியிருப்பாரு."

"அவரு எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்மா. இது எருமை மாதிரி இருக்குது. அவரு கைக்கு என்ன ஆச்சு?"

ஒருவர் எழுத்து மாதிரி இன்னொருவர் எழுத்து இருக்காது என்று உங்கள் வகுப்பில் சொல்லித்தரவில்லையா? ஒன்றும் இல்லை என்று நானும் சத்தியம் செய்யப் பார்த்தேன். அவள் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள்தான்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் சொன்னதாக நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவள் பெயருக்கு அந்தக் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் அவளுக்கு முதல் முதலாக முட்டை அவித்துக் கொடுத்தேன். பெருமைப்பட வேண்டாம், நான் உங்களை நம்பிவிடவில்லை. பயந்துகொண்டேதான் கொடுத்தேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பொன்னிதான் தெரிந்தாள். அந்த ஒரு முட்டைதான். இப்போது நானே கெஞ்சிப் போட்டாலும் இறங்கவில்லை. கஞ்சியைக்கூட வாந்தி எடுக்கிறாள்.

அவரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நோயில் விழுந்தவரை வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கக் கூடாது என்று எங்கள் தெருவில் தடுக்கிறார்கள். நானும் அனுப்பப் போவதில்லை. அந்த முகத்தைப் பார்த்து இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஒன்று கேட்கிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. உங்கள் மகனுக்கு இப்படி ஒரு கோளாறு இருந்தது கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்குத் தெரியுமா?

ஜோதியம்மாள்

*

அடி அண்ணாமலை
17-10-1993

தங்கச்சிக்கு,

தெரியாது. அண்ணாமலையார் சத்தியமாகத் தெரியாது. அவனுக்கே தெரியாது. தலைவலித் தைலம் தடவிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவன் அவன்.

எழுத்து விஷயம் எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. வகுப்பில் சொல்லித்தரும் பெண் பலகையில் போடும் 'அ'வும் நான் போடும் 'அ'வும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். யார் போட்டாலும் அ தானே? குரல் மாதிரி எழுத்திலும் ஆள் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் எழுதினேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, என் மகனுடைய பேச்சை யோசித்து யோசித்து எழுதினேன். அதில் நன்றாக எழுதியிருக்கிறோம் என்று கொஞ்சம் கர்வம்கூடப் பட்டேன்.

ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சொல் அவனுடையது. அதைத் தென்றலிடம் சொல்லுங்கள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் வாயைக் கூட்டிப் பார்த்தான். "துன்னு" என்றான். அவ்வளவுதான் வந்தது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

அவனை வேலூரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். தெருவில் நாலு பேர் நாலு சொல்லட்டும். அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் ரெண்டு வாய் இறங்கும். கன்னியம்மாளும் அப்போதாவது அடுப்புப் பக்கம் போவாள். நீங்கள் வரச் சொன்னால் நானே வண்டியோடு வருகிறேன். வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.

இவனுடைய குழாயை இனி ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பிள்ளையின் குழாயை இன்றைக்குக் கட்டிக்கொண்டிருக்கிறாள் உங்கள் மகள், தங்கச்சி. வெறும் வயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சொற்கள் இவ்வளவுதான்.

பரசுராமன்

*

திருவண்ணாமலை, ஆஸ்பத்திரி
8-11-1993

அண்ணனுக்கு,

நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு எழுதுகிறேன். எதிரில் உட்கார்ந்து எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணி முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

போன மாசம் நீங்கள் கூப்பிட்டபோது நான் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டரும் தெரியாது என்றுதான் சொல்கிறார்.

தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. உங்கள் வேன் நேரத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் போய் நான் சீட்டு வாங்கித் திரும்புவதற்குள் பிறந்துவிட்டது. கத்தலே இல்லை. நர்ஸம்மா "இவ்ளோ சுளுவா ஒரு தலைப்பிரசவத்தை நான் பார்த்ததில்ல" என்றாள். நான் வராந்தாவில் நின்று சாமியைக் கும்பிட்டேன். என் மகள் பிழைத்துவிட்டாள் என்று கும்பிட்டேன். பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்றரைக் கிலோ. அழக்கூட அதற்குச் சத்து இல்லை. அண்ணி அன்றைக்கு டாக்டரிடம் சொன்னதாக எழுதினீர்களே, அந்த மாதிரிதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

நான் வேண்டியது நடந்துவிட்டது, அண்ணா. நீங்கள் பயந்ததும் நடந்துவிட்டது.

ஜோதி

*

அடி அண்ணாமலை
24-11-1993

தங்கச்சிக்கு,

அன்பரசனை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. ரெண்டாவது தடவை வந்தது, தாங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியை விட்டுப் பிள்ளையை வெளியே எடுத்துவரக் கூடாது என்றதால் அவன் பார்க்கவே இல்லை. பெண் குழந்தை என்று காதில் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை. எழில் என்று பெயர் எழுதி, தாளை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். படித்த மாதிரி இருந்தது.

அதற்குள் வேறு பேச்சு தொடங்கிவிட்டது. தாலி அறுத்தவள் கருமாதி வரைக்கும் ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும், உப்பில்லாத சோறுதான் போட வேண்டும் என்று என் பங்காளிகள் சொல்கிறார்கள். அப்பாதுரை பெரியப்பா என் மூஞ்சிக்கு நேராக, "மவன் போன எடத்துல மருமவளுக்கு விருந்தா வெக்கப் போற?" என்று கேட்டார். "ஆமாம், வெப்பேன். அவ துன்னாத்தான் என் பேத்திக்குப் பாலு" என்றேன். எழுந்து போய்விட்டார். கருமாதிக்கு வரமாட்டார்களாம். வராவிட்டால் போகட்டும்.

நீங்கள் அவள் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். நாளையிலிருந்து கன்னியம்மாள் மூன்று வேளையும் ஆக்கித் தருகிறாள், நான் கொண்டுவருகிறேன். ஊட்டித்தான் விட வேண்டும் என்றால் ஊட்டிவிடுங்கள். அழுதுகொண்டே சாப்பிட்டாலும் பால் ஊறும் என்று நர்ஸம்மா சொன்னாள்.

பரசுராமன்

*

அடி அண்ணாமலை
14-4-2002

தங்கச்சிக்கு,

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். போன் வந்த பிறகு கடிதத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள், எனக்கு மட்டும் ஆசை தீரவில்லை. நேற்று எழில் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, ரெண்டாங்கிளாஸ் பசங்க ஒன்னவிட நல்லா எழுதுவாங்க" என்றாள். அவள் மூணாம் வகுப்பு முடித்துவிட்டாள் அல்லவா, பெரிய மனுஷி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கேலி பேசவாவது ஒரு ஆள் வந்ததே.

தென்றல் வேங்கிக்கால் ஆபீஸுக்கு, அன்பரசன் போனதற்காகக் கொடுத்த அவன் வேலைக்கே போய்வருகிறாள், உங்களுக்கே தெரியும். லீவு கிடைக்காததால் இந்த வருஷமும் எழிலை வேலூருக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மாவுக்கும் தலை நரைத்துவிட்டது. எழில் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் சின்னப் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தார். அவர் ரெண்டாவது தடவை சுற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வயசுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாம். பயப்பட வேண்டாமாம், முன்னாலேயே தெரிந்தது நல்லதாம். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாய் அப்பளம் கூடாது, கீரை, பழம் தர வேண்டும், ஓடி விளையாட விட வேண்டும், வருஷம் தவறாமல் பார்க்க வேண்டும். "அவ அப்பா மாதிரிதான் ஆவான்னு ஒண்ணும் எழுதி வெக்கலங்க, கவனமா இருந்தா நல்லாவே இருப்பா" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவன் முப்பத்தொன்றில் போனான். இவளுக்கு முப்பத்தொன்று வரும்போது கூட்டிப்போக நான் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீர்கள்.

லீவுக்கு உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள். அதை என்னால் கேட்க முடியாது.

பரசுராமன்

*

கீழ்பென்னாத்தூர்
25-4-2002

அண்ணனுக்கு,

எழில் வந்து சேர்ந்தாள். கடையில் தராசில் ஏறி நின்று விளையாடுகிறாள். இறங்கச் சொன்னால் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டேன். நீங்கள் என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அண்ணியும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். பொன்னிக்கு ஆக்கிப் போட்டேன், போய்விட்டாள். தென்றலுக்கு அளந்து போட்டேன், கண்ணுக்கு முன்னால் இருக்கிறாள். டாக்டர் என்ன சொன்னாலும் என் மனசு இந்த ரெண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், அண்ணா, எனக்கே தெரியவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் குழந்தை சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றில் கரண்டியை விட்டேன், எடுக்க வரவில்லை. ஜாஸ்தி போடட்டுமா, கம்மியாகப் போடட்டுமா என்று அப்படியே நின்றுவிட்டேன். "என்ன பாட்டி, பசிக்குது" என்றாள். பக்கத்து வீட்டு தங்கம்மாளைக் கூப்பிட்டு அவளைப் போடச் சொன்னேன்.

ஒரு வேளைக்குச் சோறு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்புங்கள். என் கண்ணால் அளந்து ஒரு பிள்ளைக்குப் போட எனக்கு இனி துணிச்சல் இல்லை.

ஜோதி